நாலாவது பரிமாணம் (வழி: மரக்காணம்)

அக்காவிடமிருந்து போன் வந்தால் இரண்டு காரணம்தான் இருக்கும். ஒன்று, யாருக்காவது கல்யாணம். இரண்டு, யாருக்காவது உடம்பு சரியில்லை. போன மே மாதம் வந்த போன் இரண்டிலும் சேரவில்லை.

"தம்பி, பையன் கெட்டுப் போயிட்டான்டா. நீ உடனே கிளம்பி வா."

எனக்குப் பகீரென்றது. பிளஸ் டூ முடித்த பையன் கெட்டுப் போக நம் ஊரில் வழிகளுக்கா பஞ்சம்?

"சிகரெட்டா அக்கா?"

"சேச்சே!"

"ஏதாவது பொண்ணு விஷயமா?"

"அப்படி இருந்தாக்கூட பேசிச் சரி பண்ணிடலாம்டா. பி.எஸ்சி. மேத்ஸ் படிக்கப் போறேங்கறான். உங்க மாமா பி.காம்.தான்னு ஒத்தைக் கால்ல நிக்கிறாரு. ரெண்டு பேருக்கும் நாலு நாளா பேச்சு வார்த்தை இல்ல. நீ பி.காம். படிச்சவன், நீ வந்து சொன்னா கேப்பான்."

அக்காவின் நம்பிக்கையை நினைத்து நெகிழ்ந்து போனேன். பி.காம். படித்தால் எப்படி முன்னுக்கு வரலாம் என்பதற்கு எங்கள் குடும்பத்தில் இருக்கும் ஒரே உதாரணம் நான். அந்த உதாரணம் வாரப் பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதி, மணியார்டருக்குக் காத்திருந்த காலம் போய், இப்போது பேங்க் மெசேஜுக்குக் காத்திருக்கிறது. இதைக் காட்டி யாரை எப்படி மாற்றுவது? ஆனாலும் கிளம்பினேன். அக்கா வைக்கும் நண்டுக் குழம்பு ஒரு காரணம்.

திருவான்மியூரில் பாண்டிச்சேரி பஸ் ஏறினால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் வரும். கடப்பாக்கம் தாண்டியதும் காட்சி மாறும். வயல் போலவே வரப்பு வரப்பாக இருக்கும். ஆனால் பச்சை இருக்காது. பாத்தி பாத்தியாக வானத்தை வெட்டி வைத்த மாதிரி தண்ணீர். இடையிடையே வெள்ளைக் குவியல்கள். முதல் முறை வருகிறவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "அட, பனி!" என்பார்கள். பனியாவது ஒன்றாவது. வெளியில் கொளுத்துகிற வெயிலுக்கு ஆளே உருகிவிடுவார்.

மரக்காணம் சின்ன ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். சங்க நூலான சிறுபாணாற்றுப்படையில் ஓய்மா நாட்டு நல்லியக்கோடனின் எயிற்பட்டினம் என்று வருவது இந்த ஊர்தான் என்பார்கள் ஆராய்ச்சியாளர்கள். ஆந்திராவில் தொடங்கும் பக்கிங்ஹாம் கால்வாய் வந்து ஓய்வதும் இந்தப் பக்கத்தில்தான். தெற்கே கழுவேலி ஏரி. 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். பறவைகளுக்கு இருக்கிற சரணாலயம் அன்றைக்கு எனக்கு இருந்தால் தேவலாம் என்று தோன்றியது. காரணம், பஸ் ஸ்டாப்பிலேயே மாமா நின்றுகொண்டிருந்தார்.

(ஒரு குறிப்பு: நான் அக்கா வீட்டுக்காரரை 'மாமா' என்பேன். பையன் என்னை 'மாமா' என்பான். "மாமா!" என்று யாராவது கூப்பிட்டால் அந்த வீட்டில் இரண்டு தலைகள் திரும்பும்.)

மாமா உப்பளத்தில் சில ஏக்கரைக் கூட்டுக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர். டி.வி.எஸ். ஃபிப்டியில் என்னை ஏற்றிக்கொண்டு, வீட்டுக்குப் போகாமல் நேராக அளத்துக்கு விட்டார்.

"முதல்ல இதைப் பாரு. அப்புறம் அவன்கிட்ட பேசு. எஞ்சின் கடன் இருக்கு. தார்ப்பாய் கடன் இருக்கு. கூலிக் கணக்கு நான் நோட்டுல எழுதறதை எனக்கே படிக்க வரல. வர்ற வியாபாரி ஒவ்வொருத்தனும் ஒரு கணக்கு சொல்றான். இதைப் பார்த்துக்க வீட்டுல ஒரு ஆள் வேணாமா? கணக்கு படிக்கட்டும், யாரு வேணாங்கறா? நமக்கு உதவற கணக்கைப் படிக்கட்டும்!"

நியாயமாகத்தான் பட்டது. ரொம்ப நியாயமாகப் பட்டதுதான் சங்கடம்.

உப்பு விளைவது பார்க்கச் சும்மா இருப்பது மாதிரி இருக்கும். கடல் தண்ணீர் பாமே கணக்கில் சுமார் மூன்று டிகிரி. அதைப் பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலிலும் காற்றிலும் சுண்ட விட்டு, இருபத்தைந்து டிகிரியை ஒட்டி வந்ததும் உப்பு இறங்கத் தொடங்கும். முப்பதை நெருங்க விட்டால் மக்னீசியக் கசப்பு சேர்ந்துவிடும். மிதக்கும் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து டிகிரி பார்ப்பார்கள். மாமா குழாயைப் போடுவதற்கு முன்பே விரலை நனைத்துப் பார்த்து, "இருபத்தி மூணு" என்றார். போட்டுப் பார்த்தால் இருபத்து மூன்று! விடியற்காலையில் வந்து பெண்கள் கூடை கூடையாகத் தலையில் சுமந்து கரையேற்றுவார்கள். அந்தக் கால்களை ஒரு முறை பார்த்தால், உப்பு விலை கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறியதற்கு நாம் சலித்துக் கொள்ள மாட்டோம்.

பையன் பாத்திக் கரையில், பம்ப் கொட்டகை நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். முன்னால் ஒரு பழைய சாக்கு. அதன்மேல் தீக்குச்சிகளும், துண்டு துண்டாக நறுக்கிய சைக்கிள் வால்வ் ட்யூபும். (இந்த வித்தையை நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டு போனவர் அரவிந்த் குப்தா. ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டுக் குப்பையிலிருந்து பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்த மனிதர்.)

"வாங்க மாமா. அம்மா அனுப்பினாங்களா?"

"சேச்சே, சும்மா நண்டு சாப்பிட வந்தேன்."

"சரி, உக்காருங்க. இது என்னன்னு சொல்லுங்க."

பார்த்தேன். ஒரு முக்கோணம். அதே அளவில் இன்னும் இரண்டு முக்கோணம், கொஞ்சம் தள்ளித் தள்ளி. மூன்றுக்கும் நடுவே குறுக்கும் நெடுக்குமாகக் குச்சிகள். எண்ணினேன்: பதினெட்டுக் குச்சி, ஒன்பது முடிச்சு.

"கோலம்?"

"இல்ல மாமா. நாலு பரிமாண உருவம். அது தரையில படுத்துக்கிட்டிருக்கு."

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா, 'இப்போ புரியுதா எங்க கஷ்டம்?' என்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

பையன் பாத்தியில் கை விட்டு ஒரு பிடி உப்பை அள்ளினான். ஒரு கல்லை மட்டும் தேர்ந்து உள்ளங்கையில் வைத்தான். குட்டிக் குட்டியாகச் சதுரம், ஓரமெல்லாம் வெட்டின மாதிரி.

"ஒரு புள்ளியை ஒரு பக்கமா இழுங்க, கோடு. கோட்டை வேறு பக்கமா இழுங்க, சதுரம். பாத்தி மாதிரி. சதுரத்தை மேல இழுங்க, இந்த உப்புக் கல். இழுக்கறதுன்னா பெருக்கல்னு அர்த்தம். கோடு பெருக்கல் கோடு, சதுரம். சதுரம் பெருக்கல் கோடு, கனசதுரம். முக்கோணம் பெருக்கல் கோடு, பட்டகம். நீங்க படிச்சிருப்பீங்க, வெளிச்சத்தை வானவில்லா பிரிக்கிற கண்ணாடி."

"படிச்சிருக்கேன். மேல சொல்லு."

"எப்பவும் கோட்டாலயே ஏன் பெருக்கணும்? முக்கோணத்தை முக்கோணத்தாலயே பெருக்கினா? ஒரு முக்கோணத்தை இன்னொரு முக்கோணத்தோட ஓரத்துலயே நடக்க விட்டா? அதுதான் இது. இருபட்டகம்னு நானே பேர் வெச்சிருக்கேன். இங்கிலீஷ்ல டியோபிரிசம். மூலை மூணு பெருக்கல் மூணு, ஒன்பது. அடைச்சுக்கிட்டிருக்கற சுவர்கள் மூணு கூட்டல் மூணு, ஆறு. ஆறும் முழுசு முழுசா பட்டகம்!"

மூலைக்குப் பெருக்கல், சுவருக்குக் கூட்டல். காமர்ஸ் மூளைக்கு இது கொஞ்சம் பிடித்திருந்தது.

"சரிப்பா, இதுக்கு ஏன் நாலு பரிமாணம்?"

"ஒரு முக்கோணம் படுக்க ரெண்டு திசை வேணும். ரெண்டாவது முக்கோணம் முதலாவதோட திசையைத் தொடாம தனியா படுக்க இன்னும் ரெண்டு. ரெண்டும் ரெண்டும் நாலு. நம்மகிட்ட இருக்கறது மூணுதான். அதனால நிழலைத்தான் பார்க்க முடியும்."

ரெண்டும் ரெண்டும் நாலு! இதற்கு எதிராக எந்த அப்பா என்ன பேச முடியும்? ஆனால் எங்கள் மாமா பேசினார்.

"இல்லாத திசையில இல்லாத பொருளை வெச்சு மூணு வருஷம் படிக்கணுமா?"

நாலு நாளில் மகனிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். நேராகப் பேசவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

இந்தக் கேள்வியை உலகமே கேட்டிருக்கிறது, மாமாவை மட்டும் குறை சொல்ல முடியாது. சுவிட்சர்லாந்தில் லுட்விக் ஷ்லேஃப்லி என்றொரு ஆசாமி 1850-களின் தொடக்கத்திலேயே இந்த மாதிரி உருவங்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் அளவுக்கு எழுதினார். ரொம்ப நீளம் என்று வியன்னாவில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். முழுதாக அச்சானது 1901-ல். மனிதர் 1895-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். (கட்டுரை திரும்பி வருகிற வேதனை எனக்குத் தெரியும். அரை நூற்றாண்டு மட்டும் பழக்கமில்லை.)

இன்னொருவர் கதை இதைவிட சுவாரசியம். அலிசியா பூல் ஸ்டாட். கம்ப்யூட்டர்களின் அடிப்படையான பூலியன் கணிதத்தைத் தந்த ஜார்ஜ் பூலின் மகள். நாலு வயதில் அப்பா போய்விட்டார். காலேஜ் வாசலை மிதிக்கவில்லை. அக்கா புருஷன் ஹிண்டன் என்பவர் மரக் கட்டைகளை அடுக்கி, நாலாவது பரிமாணம் என்று ஏதேதோ சொல்லிக்கொண்டிருப்பார். (நாலு பரிமாணக் கனசதுரத்துக்கு 'டெஸராக்ட்' என்ற பெயர் வைத்தவரே அவர்தான், 1888-ல்.) அந்தக் கட்டைகளை வைத்து விளையாடிய பெண், ஒரு கட்டத்தில் ஹிண்டனையே மிஞ்சிவிட்டாள். பிறகு கல்யாணம், குழந்தைகள், குடித்தனம். நடுவே அட்டையை வெட்டி ஒட்டி, நாலு பரிமாண உருவங்களைக் குறுக்கே அறுத்தால் எப்படியிருக்கும் என்று செய்து வைத்துக்கொண்டே இருந்தார். அவர் புருஷனுக்கு என்ன உத்தியோகம் தெரியுமா? இன்ஷூரன்ஸ் கணக்கு! டச்சுக்காரரான ஷௌட் என்ற பேராசிரியர் இதே விஷயத்தை எழுதுகிறார் என்று மனைவிக்கு எடுத்துச் சொன்னவர் அந்தக் கணக்குக்காரர்தான். இருவரும் சேர்ந்து பல வருஷம் ஆராய்ந்தார்கள். 1914-ல் க்ரோனிங்கன் பல்கலைக்கழகம் அந்த அம்மாவுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது.

நமக்கும் இதில் ஒரு மூலையில் சொந்தம் உண்டு. அலிசியாவுடைய அம்மாவின் தகப்பனாரோடு கூடப் பிறந்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். சிகரத்துக்குப் பெயர் கொடுத்தவர். 1802-ல் நம் பரங்கிமலைப் பக்கம் லாம்டன் தொடங்கிய முக்கோண நில அளவையை, அவருக்குப் பிறகு தூக்கிச் சுமந்தவர். அண்ணன் தம்பி பரம்பரையில் ஒருவர் முக்கோணத்தை வைத்து இந்தியாவை அளந்தார். இன்னொருவர் இல்லாத தேசத்தை அளந்தார்.

இதையெல்லாம் பையன் மூச்சு விடாமல் சொல்லி முடித்தபோது, மாமா எஞ்சினுக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தார். கேட்ட மாதிரியும் இருந்தது, கேட்காத மாதிரியும் இருந்தது.

திருப்பம் வந்தது சாயங்காலம், அக்கா வீட்டுக் கூடத்தில். நண்டுக் குழம்புக்குப் பிறகு. மாமா சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரில் மறுநாள் தாளை நிமிர்த்திப் பார்த்தார். "காலையில வாரலாம். அமிர்த யோகம்."

அளத்தில் அவருக்கு இது வழக்கம். பெரிய பாத்தியில் உப்பு வாரத் தொடங்குவதென்றால் மரண யோகத்தில் தொட மாட்டார்.

பையன் எழுந்து போய்க் காலண்டர் பக்கத்தில் நின்றான். "அப்பா, அமிர்த யோகம்னு எப்படி முடிவு பண்றாங்க?"

நேராக அப்பாவிடமே கேட்டுவிட்டான். அக்கா கையிலிருந்த தட்டோடு அப்படியே நின்றாள்.

மாமா கொஞ்ச நேரம் கழித்து, "கிழமையும் நட்சத்திரமும் சேர்ந்து" என்றார்.

"கிழமை ஏழு. நட்சத்திரம் இருபத்தேழு. மொத்தம் எத்தனைக் கட்டம்?"

"நூத்தி எண்பத்தொம்பது." மாமாவுக்கு மனக்கணக்கு மின்னல்.

"அந்தக் கட்டத்தைப் பேப்பர்ல போட்டா, சனிக்கிழமைக்குக் கீழ என்ன வரும்?"

"ஞாயித்துக்கிழமை. மேலேயே இருக்கே."

"அப்ப பேப்பரைச் சுருட்டி மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் ஒட்டணும். குழாய் ஆயிடுச்சா? ரேவதிக்கு அடுத்தது?"

"அசுவினி... குழாயோட ரெண்டு முனையையும் ஒட்டணும். சைக்கிள் ட்யூப் மாதிரி."

"ஒட்டுங்க."

பையன் ஒரு நோட்டுத் தாளைச் சுருட்டி மாமா கையில் கொடுத்தான். மாமா வளைத்தார். நடுவில் மடிந்து நசுங்கியது. இன்னொரு தாள். அதுவும். நானும் ஒரு தாளைச் சுருட்டிப் பார்த்தேன். என்னுடையது கிழிந்தே போனது.

"வராது" என்றார் மாமா. "நம்ம பம்ப் ஹோஸும் இப்படித்தான். வளைச்சா உள்பக்கம் சுருங்கும், வெளிப்பக்கம் இழுக்கும். அந்த மடிப்புல வெடிக்கும். வருஷம் ஒண்ணு மாத்தறேன்."

"அதேதாம்பா! மூணு திசைக்குள்ள வளைச்சா கட்டம் கோணிடும். உள்பக்கக் கட்டம் சின்னது, வெளிப்பக்கம் பெரிசு. நாலாவது திசை இருந்தா, ஒரு கட்டம்கூட சுருங்காம, இழுபடாம, நூத்தி எண்பத்தொம்பதும் சரியான சதுரமா ரெண்டு பக்கமும் சுத்தி ஒட்டிக்கும். அதுதான் ஏழையும் இருபத்தேழையும் பெருக்கின இருபட்டகம். ஏழு மூலை உருவம், இருபத்தேழு மூலை உருவம், ரெண்டையும் பெருக்கினது. சுவர் ஏழும் இருபத்தேழும் முப்பத்தி நாலு. நீங்க தினம் காலையில அதைத்தான் பார்க்கறீங்க."

மாமா காலண்டரைப் பார்த்தார். தாளில், காலை 9.42 வரை ஒரு நட்சத்திரம், பின்பு அடுத்தது என்று போட்டிருந்தது.

"ஒம்பது நாப்பத்திரண்டுக்கு..." என்று இழுத்தார். "கிழமை மாறல, நட்சத்திரம் மட்டும் மாறுது. அப்போ ஒரு கட்டத்துலேர்ந்து பக்கத்துக் கட்டத்துக்குத் தாண்டறோம். மறுநா சூரியன் வந்தா கிழமை மாறும். அது அடுத்த பக்கம் தாண்டறது. இப்படிக் குறுக்க, சாய்வா போய்க்கிட்டே இருக்கோம்."

"ஆமாம்பா."

நான் ஒரு பி.காம். பட்டதாரி என்ற முறையில் தலையாட்டினேன். எனக்கு அது புரிய ராத்திரி பதினொரு மணி ஆயிற்று. மாமாவுக்கு அங்கேயே புரிந்துவிட்டது. பிறகு அவர் கேட்டார்: "அந்த நாலாவது திசை ஹோஸ் எங்க விக்கிறாங்க?"

நாலு நாளில் அந்த வீட்டில் முதல் சிரிப்பு.

காலண்டர் சொன்னபடி மறுநாள் விடியற்காலை வாரத் தொடங்கினார்கள். நானும் போனேன். நீளக் கழியின் முனையில் பலகை. அதைத் தள்ளி, இழுத்து, உப்பை ஓரத்தில் சேர்க்க வேண்டும். ஐந்தே நிமிஷத்தில் எனக்குத் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. பையன் பக்கத்தில் வந்து, "உங்க தோள் ஒரு சக்கரம் மாமா, முழங்கை ஒரு சக்கரம். ரெண்டையும் பெருக்கினா அதே ட்யூப்தான். இயந்திரக் கை செய்யறவங்க இதைத்தான் போட்டுப் பார்க்கறாங்க" என்றான். வலிக்கிற தோளுக்குத் தைலம் தடவுவதை விட்டு ஜியாமெட்ரி தடவுகிறான்!

பத்து மணிக்குத் தென்கிழக்கே கறுத்தது. மே மாதம், கோடை மழை, சொல்லிக்கொண்டா வரும்? "தார்ப்பாய்!" என்று மாமா கத்தியதும் எல்லோரும் ஓடினார்கள். குவித்திருந்ததில் பாதிக்கு மேல் மூட முடிந்தது. பாத்திக்குள் இருந்தது? அரை மணி நேர மழை. பல நாள் வெயில் பிடித்துச் சேர்த்த உப்பு, எங்கள் கண் முன்னால், சத்தமே இல்லாமல் தண்ணீருக்குள் திரும்பிப் போனது. பெண்கள் கூடையைக் கவிழ்த்துத் தலைமேல் பிடித்துக்கொண்டு நின்றார்கள். யாரும் ஒன்றும் பேசவில்லை. பாதி நாள் கூலி போயிற்று அவர்களுக்கு.

மழை விட்டதும் மாமா கண்ணாடிக் குழாயைப் போட்டுப் பார்த்தார். இந்த முறை விரலை நனைக்கவில்லை. பதினாறு.

"கட்டம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

காலண்டரைக் கிண்டலடிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. பையன் அடிக்கவில்லை. தார்ப்பாய் மேல் தேங்கிய தண்ணீரைத் தள்ளிக்கொண்டே, "நூத்தி எண்பத்தொம்பது கட்டத்துல மழைக்கு இடம் இல்லப்பா" என்றான்.

"மாசத்தையும் சேர்த்துப் பெருக்கினா?"

"ஆறு பரிமாணம் ஆகும். ஆனா மழை சக்கரம் இல்ல. போன வருஷம் வந்த நாள்லயே இந்த வருஷமும் வராது. திரும்பி வர்றதைத்தான் இப்படிப் பெருக்க முடியும். மழைக்கு வேற கணக்கு இருக்கு."

"அதுவும் மேத்ஸ்லதான் வருதா?"

"ஆமாம்பா. புள்ளியியல்."

மாமா பதில் சொல்லவில்லை. எஞ்சினைக் கிளப்பப் போனார். மழைத் தண்ணீரை வடித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நான் அன்று மாலையே கிளம்பிவிட்டேன். அக்கா வாசல்வரை வந்து, "உன்னை எதுக்குக் கூப்பிட்டேன், நீ என்னடா பண்ணிட்டுப் போறே?" என்றாள். நான் ஒன்றும் பண்ணவில்லை என்பதுதான் உண்மை. பையனிடம் பி.காம். பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கூலி நோட்டை மட்டும் வாங்கிப் பார்த்து, வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் என்று பிரித்துக் கோடு போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். வியாபாரி ஒருவர் எண்ணூற்றிச் சொச்சம் ரூபாய் தரவேண்டியிருக்கிறது என்பது வெளிச்சத்துக்கு வந்தது. ஒரு பட்டப் படிப்பின் பலன்.

பஸ் ஸ்டாப்புக்கு மாமாவும் பையனும் வந்தார்கள். டி.வி.எஸ். ஃபிப்டியில் மூன்று பேர். போலீஸ் கண்ணில் படவில்லை. பஸ் தூரத்தில் வரும்போது மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு கூலிச் சீட்டை எடுத்தார். பின்பக்கத்தில் பென்சிலில் ஏதோ எழுதியிருந்தது. மகனிடம் நீட்டினார்.

"ஏழு, இருபத்தேழு, பன்னெண்டு. ரெண்டாயிரத்து இருநூத்தி அறுபத்தெட்டு மூலை. சரியா?"

பையன் பார்த்தான். "சரிப்பா."

சீட்டை வாங்கி மடித்து மறுபடி பையில் வைத்துக்கொண்டார். "அந்த அப்ளிகேஷனுக்குக் கடைசி நாள் என்னைக்கு?"

பையன் தேதியைச் சொன்னான். மாமா கண்ணை மூடிக்கொண்டு விரல் விட்டு எண்ணினார்.

"அன்னைக்கு மரண யோகம். முந்தின நாளே போய்க் குடுத்துடு."